முழங்காலுக்குக் கீழே மூன்று தமனிகள்

இரத்தக்குழாய் அடைப்பு என்றதும் பலருக்கு நெஞ்சும் மூளையும்தான் நினைவுக்கு வருகின்றன. காலைப் பற்றிப் பேச நேர்ந்தாலும் புடைத்து நெளியும் சுருள்சிரை நோயோடு பேச்சு நின்றுவிடுகிறது. சிரை என்பது இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தின் வழி, தமனி என்பது இதயத்திலிருந்து வரும் இரத்தத்தின் வழி. முன்னது கெட்டால் கால் வீங்கும், நிறம் கருக்கும், புண்ணாகும். பின்னது கெட்டால் காலே போகும். தொடை வழியாக ஒரே பெருங்குழாயாக இறங்கிவரும் தமனி முழங்காலைத் தாண்டியதும் மூன்றாகப் பிரிகிறது. அந்த மூன்றில் நேரும் அடைப்பை, மேலே நேரும் அடைப்பின் சிறிய வடிவம் என்று எண்ணிக்கொள்வதிலிருந்துதான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன. நோய்க்கு ஆளாவோர், நோய் தன்னை வெளிக்காட்டும் விதம், அதை அளக்கும் கருவி பிழைபடும் விதம் ஆகிய மூன்றுமே முழங்காலுக்குக் கீழே வேறாகிவிடுகின்றன.

தொடையின் உட்புறமாக வரும் தமனி, தொடையெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு தசைநாணின் இடைவெளியில் நுழைந்து முழங்காலின் பின்குழிக்கு வந்து சேர்கிறது. அங்கே அதற்குப் பின்முழந்தாள் தமனி என்று பெயர். குழியின் அடியில் அதிலிருந்து முதற்கிளை பிரிந்து, கணைக்காலின் இரண்டு எலும்புகளையும் சேர்த்துக் கட்டியிருக்கும் சவ்வுக்கு மேலுள்ள இடைவெளி வழியே முன்பக்கம் வந்துவிடுகிறது. இந்த முன் கணைக்கால் தமனி, முன்புறத் தசைகளுக்கு இடையே இறங்கிக் கணுக்காலைக் கடந்ததும் புறங்கால் தமனி எனப் பெயர் மாறுகிறது. கால் பெருவிரலை மேல்நோக்கி நிமிர்த்தினால் புறங்காலில் ஒரு நாண் கயிறுபோல் எழுந்து நிற்கும். அந்த நாணுக்குச் சற்று வெளிப்புறமாக இரண்டு மூன்று விரல்நுனிகளை அழுத்தாமல் வைத்தால் இதன் துடிப்பு தட்டுப்படும். எஞ்சிய குழாய் ஓரிரு விரற்கடை தூரம் தண்டாகவே சென்று பின்னர் இரண்டாகப் பிரிகிறது. அவற்றுள் பின் கணைக்கால் தமனி, கணுக்காலின் உட்புற முட்டிக்கும் குதிநாணுக்கும் நடுவே வளைந்து உள்ளங்காலுக்குள் இறங்கி, அங்கே மேலும் இரண்டாகப் பிரிகிறது. மூன்றாவதான பெரோனியல் தமனி, கணைக்காலின் மெல்லிய வெளியெலும்பை ஒட்டித் தசைகளின் ஆழத்திலேயே ஓடி, பாதத்தை நேராகச் சென்றடையாமல் கணுக்காலுக்கு மேலேயே தன் போக்கை முடித்துக்கொள்கிறது. முடியுமிடத்தில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு மெல்லிய கிளைகளை நீட்டி மற்ற இரு தமனிகளோடும் கைகோக்கிறது. ஆழத்தில் கிடப்பதால் இதன் துடிப்பு விரலுக்கு எட்டாது.

இந்த வரைபடம் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. நோய் எதுவும் இல்லாதவர் சிலருக்குப் புறங்கால் துடிப்பு பிறவியிலேயே இருக்காது. மிகச் சிலருக்கு முன், பின் தமனிகள் இரண்டும் வளராமல் போய், பெரோனியல் ஒன்றே பாதம் முழுவதையும் காப்பாற்றிக்கொண்டிருக்கும். வாய்ப்புற்றுக்காகத் தாடையெலும்பை அகற்ற நேர்ந்தவர்களுக்குக் கணைக்காலின் வெளியெலும்பை அதன் தமனியோடு சேர்த்து எடுத்துப் புதிய தாடை அமைக்கும் அறுவை இன்று வழக்கமாகிவிட்டது. அந்த அறுவைக்கு முன் காலின் குழாய்களைப் படமெடுத்துப் பார்த்துக்கொள்வதற்கு இந்தப் பிறவி வேறுபாடே காரணம். எடுக்கப்போவது அந்தக் காலின் ஒரே தமனியாக இருந்துவிட்டால், தாடை கிடைத்துக் கால் போய்விடும்.

பாதத்துக்குள் புறங்கால் தமனியின் ஆழ்கிளையும் உள்ளங்கால் தமனியும் ஒன்றுகூடி ஒரு வளைவாகின்றன. விரல்களுக்குப் போகும் சிறுகுழாய்கள் அந்த வளைவிலிருந்துதான் கிளைக்கின்றன. வளைவு முழுமையாக இருக்கும்வரை, மேலிருந்து வரும் வழிகளில் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்றின் இரத்தம் சுற்றிவந்து ஈடுசெய்துவிடும். பெருவழி அடைபட்டதும் பக்கத்துச் சிறுகுழாய்கள் மெல்ல விரிந்து வழிவிடும் இந்த இயல்புக்குப் பக்கவழி ஓட்டம் என்று பெயர். 1785 டிசம்பரில் லண்டனின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர், முழங்காலுக்குப் பின்னே தமனி பலூன்போல் வீங்கியிருந்த ஒரு கோச்சு வண்டிக்காரருக்கு, வீக்கத்தைத் தொடாமல் தொடையிலேயே தமனியைக் கட்டிவிட்டார். அந்நாளில் இத்தகைய வீக்கத்துக்குப் பெரும்பாலும் காலையே வெட்டிவிடுவது வழக்கம். வண்டிக்காரரின் கால் பிழைத்தது. அவர் மீண்டும் வேலைக்கும் போனார். பக்கவழிகள் கைகொடுக்கும் என்ற கணிப்பு சரியாக இருந்ததால்தான் அது முடிந்தது. ஆனால் பக்கவழிகள் விரியக் கால அவகாசம் வேண்டும். இதயத்திலிருந்து பெயர்ந்துவந்த இரத்தக்கட்டி ஒரே நாளில் குழாயை அடைக்கும்போது அந்த அவகாசம் கிடைப்பதில்லை, தசை தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான்.

மெதுவாக வளரும் அடைப்புக்கு வருவோம். தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகும்போது, ஓய்வில் போதுமானதாக இருக்கும் இரத்தம் நடக்கையில் போதாமல் போய்க் கெண்டைக்கால் தசை இறுகி வலிக்கும். நின்றால் சில நிமிடங்களில் வலி அடங்கும். மீண்டும் நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மீண்டும் பிடிக்கும். இந்த நடைவலியை முதலில் தெளிவாக விவரித்தவர் ஒரு கால்நடை மருத்துவர் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கலாம்: பிரான்சைச் சேர்ந்த பூலே, 1831-இல், சிறிது ஓடியதும் நொண்டி நிற்கும் குதிரையிடம் இதைக் கண்டு எழுதினார், மனிதரிடம் அதே நோயை ஷார்கோ 1858-இல் அடையாளம் கண்டார். நோயின் படிநிலைகளை ஃபோன்டேன் 1954-இல் நான்காக வகுத்தார்: அறிகுறியற்ற நிலை, நடைவலி, ஓய்விலும் வலி, பின்னர் புண்ணும் திசு அழுகலும். ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிக்கட்டாக அவர் இதைக் கருதினார்; புகைபிடிப்பவர்களின் நோய் பெரும்பாலும் இந்தப் படிக்கட்டில்தான் ஏறுகிறது, ஏனெனில் அவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் உள்ள பெரிய குழாய்களே முதலில் கெடுகின்றன, அதன் விளைவு ஒரு படி கீழே கெண்டைக்காலில் வலியாகத் தெரிந்துவிடுகிறது.

நீரிழிவு நோயாளிகளில் பலர் இந்தப் படிக்கட்டில் ஏறுவதே இல்லை. அவர்களுக்கு அடைப்பு முழங்காலுக்குக் கீழேயுள்ள மூன்று குழாய்களையே பெரிதும் பிடிக்கிறது. கெண்டைக்கால் தசைக்கு இரத்தம் தரும் முக்கியக் கிளைகள் முழங்காலுக்குப் பின்னேயே பிரிந்துவிடுவதால், கீழே மூன்று குழாய்களும் அடைபட்டிருந்தாலும் தசை பட்டினி கிடப்பதில்லை, நடைவலியும் வருவதில்லை. போதாததற்கு, நீண்ட நாள் சர்க்கரை பாதத்து நரம்புகளையும் மரக்க வைத்திருக்கும். செருப்புக்குள் சிக்கிய சிறுகல்லும், வெயிலில் கொதிக்கும் தரையும், வெந்நீர் ஒத்தடமும், கால் ஆணியைப் பிளேடால் சீவியதும் புண்ணாக்கும், வலிக்காது. இப்படியாக முதற்படியிலிருந்து நேரே நான்காம் படியில் வந்து நிற்கிறார்கள். நோயாளி கடைசி நேரத்தில் வந்தார் என்று குறைசொல்லும் மருத்துவர்கள், அவரை முன்னதாக வரவழைக்கக்கூடிய அறிகுறி எதையும் உடல் அவருக்குத் தரவே இல்லை என்பதை நினைவில் வைப்பது நல்லது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பு ஒருங்கிணைத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அத்தனை பேரின் பாதங்களையும் பற்றிய செய்தி இது.

வலி சொல்லாததைக் கருவி சொல்லும் என்று நம்பினால், அதுவும் இங்கே தடுமாறுகிறது. கால் தமனியைச் சோதிக்க எளிய முறை, கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பது. நோயாளியைப் படுக்கவைத்து, கையில் கட்டும் அதே பட்டையைக் கணுக்காலுக்கு மேலே சுற்றி, பேனா அளவிலான டாப்ளர் முனையைப் பசை தடவிப் புறங்காலில் வைத்தால், இரத்த ஓட்டம் விட்டுவிட்டு வீசும் காற்றைப்போல் இரைந்து கேட்கும். பட்டையில் காற்றேற்ற இரைச்சல் அறுந்துபோகும். காற்றை மெதுவாக இறக்கும்போது எந்த அளவில் மீண்டும் கேட்கத் தொடங்குகிறதோ அதுவே கணுக்கால் அழுத்தம். விகிதம் 1.0-க்கும் 1.4-க்கும் இடையில் இருந்தால் இயல்பு, 0.9-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ தமனி நோய். இந்த எளிமை, குழாய் பட்டைக்கு அடங்கி நசுங்கும் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. ஜெர்மானிய நோய்க்கூறியலாளர் மெங்கபெர்க் 1903-இல் விவரித்த மாற்றத்தில், தமனியின் உட்சுவர் அப்படியே இருக்க, அதன் நடுச்சுவர் மட்டும் சுண்ணமேறிக் குழாய் களிமண் குழல்போல் விறைத்துவிடுகிறது. சாதாரண எக்ஸ்ரே படத்திலேயே அது இரயில் தண்டவாளம்போல் இரட்டைக் கோடாகத் தெரியும். நீரிழிவிலும் நாட்பட்ட சிறுநீரக நோயிலும் இது மிகுதி. விறைத்த குழாயைப் பட்டையால் நசுக்க முடியாததால் கணுக்கால் அழுத்தம் செயற்கையாக உயர்ந்து, விகிதம் 1.4-ஐத் தாண்டும், அதைவிட ஆபத்தானது, உண்மையில் 0.6 ஆக இருக்கவேண்டியது 1.1 என்று காட்டி, எல்லாம் சரி என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவைப்பது. விரல்களின் சிறுதமனிகள் பெரும்பாலும் இந்தச் சுண்ணத்துக்குத் தப்பிவிடுவதால், பெருவிரலில் சிறிய பட்டை கட்டி அளப்பதே இத்தகையவர்களுக்கு நம்பகமான வழி. அங்கே அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போனால் புண் தானாக ஆறும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நரம்பு இன்னும் மரக்காதவர்களிடம் மூன்றாம் படி இரவில்தான் வெளிப்படுகிறது. படுத்துச் சற்று நேரத்தில் பாதத்தின் முன்பகுதியும் விரல்களும் எரியத் தொடங்கும். எழுந்து காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் எரிச்சல் தணியும். இதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிடுபவர்கள் உண்டு. இதயத்தின் மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு 13 சென்டிமீட்டருக்கும் இரத்தத்தின் எடையால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கூடுகிறது. தொங்கும் காலின் சுருங்கிய சிறுகுழாய்களை அந்த அழுத்தம் விரித்துக்கொடுக்கிறது. அப்படித் தொங்கும் பாதம் சிவந்து நன்றாக இரத்தம் ஓடுவதுபோல் தோற்றமளிப்பதுதான் ஏமாற்று. அதே காலை உயரத் தூக்கினால் ஓரிரு நிமிடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகிவிடும். மாதக்கணக்கில் தொங்கிய கால் நீர்கோத்து வீங்கவும் செய்யும். வீக்கத்தைக் கண்டு, சிரை நோய்க்குச் சுற்றுவதுபோல் இறுக்கக் கட்டு போட்டுவிட்டால், எஞ்சியிருக்கும் ஓட்டமும் நின்றுவிடும்.

இந்த நோயின் வரலாற்றில் பெருந்தீங்கு விளைவித்தது ஒரு கருத்து. 1959-இல் கோல்டன்பர்க்கும் உடனிருந்தோரும், வெட்டியெடுக்கப்பட்ட கால்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நீரிழிவு நோயாளிகளின் நுண்தமனிகள் உட்புறம் தடித்து அடைபட்டிருப்பதாக எழுதினர். கண்ணுக்குத் தெரியாத குழாய்களே அடைபட்டிருந்தால் மேலே பெரிய குழாயைத் திறந்து என்ன பயன் என்ற முடிவு அதிலிருந்து இயல்பாகவே பிறந்தது. சர்க்கரைக் காலுக்குச் சின்னக் குழாய் நோய், வெட்டுவதைத் தவிர வழியில்லை என்பது மருத்துவப் பாடமாகவே நிலைத்துவிட்டது. 1964-இலேயே ஸ்ட்ராண்ட்னெஸ் என்ற ஆய்வாளர், எது நீரிழிவுக் கால், எது மற்றது என்று பார்ப்பவருக்குத் தெரியாதபடி ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. இருந்தும் இருபது ஆண்டுகள் கழித்து, 1984-இல், பாஸ்டன் நகரின் லோஜெர்ஃபோவும் காஃப்மனும் இந்தக் கருத்தை வெளிப்படையாக மறுத்து எழுதவேண்டியிருந்தது. அவர்கள் சொன்னது எளிமையானது: நீரிழிவில் அடைப்பு இருப்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையேயுள்ள பெயர் சொல்லக்கூடிய மூன்று தமனிகளில்; அவற்றைத் தாண்டிப் புறங்கால் தமனி பல வேளைகளில் திறந்தே இருக்கிறது; எனவே அதுவரை புதுவழி போட முடியும். நுண்குழாய்ச் சுவர் தடிப்பதும், அதன் செயல்பாடு குறைவதும் உண்மைதான். அது அடைப்பு அன்று. இதை நம்பிய பாஸ்டன் மருத்துவர்கள் தொடையிலோ முழங்காலருகிலோ தொடங்கி, நோயாளியின் சொந்தச் சிரையையே குழாயாக்கி, புறங்கால்வரை கொண்டுவந்து இணைத்தனர். 2003-இல் அத்தகைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் முடிவுகள் வெளியாயின, பெரும்பாலான கால்கள் ஐந்தாண்டுக்குப் பின்னும் நிலைத்திருந்தன. பழைய கருத்து மருத்துவமனை வராந்தாக்களில் இன்னும் முழுதாகச் சாகவில்லை. ஆஞ்சியோகிராம் எடுக்காமலேயே கால் வெட்டுக்கு நாள் குறிக்கப்படும் இடங்களில் அதுதான் பேசுகிறது.

முழங்காலுக்குக் கீழேயுள்ள தமனிகளையே குறிவைக்கும் இன்னொரு நோய் உண்டு. 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்கர் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்கும் அது, கொழுப்புப் படிவு இல்லாமல் குழாய்ச்சுவர் அழன்று இரத்தம் உறைந்து அடைப்பது, பெரும்பாலும் 45 வயதுக்குட்பட்ட புகையிலைப் பயனாளிகளுக்கு வருவது. பீடி புழங்கும் தெற்காசியாவில் இது மேலைநாடுகளைவிட அதிகம். அடைபட்ட தமனியைச் சுற்றிப் பக்கவழிகள் தக்கைத்திருகிபோல் சுருண்டு வளர்ந்திருப்பதை ஆஞ்சியோகிராமில் காணலாம். புகையிலையை முற்றாக விட்டவர்களுக்குப் பெரிய வெட்டு அபூர்வம், விடாதவர்களுக்கு எந்த அறுவையும் நிலைப்பதில்லை.

வழி திறக்கும் முறைகள் இரண்டு. பாரிசில் 1948-இல் குன்லின் முதன்முதலாகச் சிரையைக்கொண்டு அடைப்பைத் தாண்டிப் பாலம் போட்டார்; இன்றைய பைபாஸ் அதன் வழிவந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1964 ஜனவரியில் சார்லஸ் டாட்டர், விரல் அழுகியும் கால் வெட்டுக்கு உடன்படாத 82 வயது மூதாட்டிக்குத் தொடைத் தமனிக்குள் குழல்களைச் செலுத்தி அடைப்பை விரித்துவிட்டார். பலூன் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. கணைக்கால் தமனிகளின் உள்விட்டம் 2 முதல் 3 மில்லிமீட்டர், இதயத் தமனிகளுக்கு ஏறக்குறைய சமம். அதனால் இதயத்துக்குச் செய்த கம்பிகளும் பலூன்களும் இங்கே இறங்கின. ஆனால் இதயத்தில் அடைப்பு ஓரிரு சென்டிமீட்டர். கணைக்காலிலோ ஒரு சாண், சில நேரம் அதற்கும் மேல், அதுவும் சுண்ணமேறிக் கல்லாகிக் கிடக்கும். திறந்த வழி சில மாதங்களில் மீண்டும் குறுகுவது சாதாரணம். 2023-இல் முடிவு வெளியான, 261 பேரைக் கொண்ட லைஃப்-பிடிகே ஆய்வில், மருந்து பூசிய, நாளடைவில் கரைந்துபோகும் சட்டகம் வெறும் பலூனைவிட நன்றாக வழியைக் காத்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கா அதை அங்கீகரித்தது.

எந்த முறை முதலில் என்ற கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் அடுத்தடுத்து வந்து எதிரெதிரே நின்றன. 1,830 பேரைச் சேர்த்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு, நல்ல நீள்சிரை உள்ளவர்களுக்குப் பைபாஸே மேல் என 2022-இல் காட்டியது. முழங்காலுக்குக் கீழ் அடைப்பு உள்ள 345 பேரை மட்டும் எடுத்துக்கொண்ட பிரிட்டனின் பாசில்-2, பலூனை முதலில் செய்தவர்களே காலோடும் உயிரோடும் அதிகமாக இருந்ததாக 2023-இல் அறிவித்தது. இரண்டும் ஒரே வகை நோயாளிகளை ஆராயவில்லை. முன்னதில் தொடையில் அடைப்பு உள்ளவர்கள் நிறையப் பேர், பின்னதில் வயதும் இதய நோயும் கூடியவர்கள். எனவே முரணாகத் தோன்றும் இம்முடிவுகள், தொடைக்குப் பொருந்தியது கணைக்காலுக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது என்பதையே மறுபடியும் காட்டுகின்றன.

மூன்றில் எதைத் திறப்பது என்பது அடுத்த கேள்வி. 1987-இல் டெய்லரும் பால்மரும் உடலை, ஒவ்வொரு தமனியும் ஊட்டும் பகுதிகளாகப் பிரித்துக் காட்டினர்; பாதத்தில் அத்தகைய பகுதிகள் ஆறு, உள்ளங்காலின் மூன்றும் பின் தமனிக்கு, புறங்கால் முன் தமனிக்கு, குதிகாலின் வெளிப்புறமும் கணுக்காலின் வெளிமுன்புறமும் பெரோனியலுக்கு. புண் எந்தப் பகுதியில் இருக்கிறதோ அதற்குரிய தமனியைத் திறக்கவேண்டும் என்ற கொள்கை பார்வைக்கு அழகானது. நடைமுறையில், உள்ளங்கால் வளைவு முழுமையாக உள்ளவருக்கு எந்தத் தமனியைத் திறந்தாலும் இரத்தம் சுற்றிவந்துவிடுகிறது, வளைவு அறுந்தவருக்குத்தான் இந்த வரைபடம் உயிர்நாடியாகிறது. அப்படி அறுந்தவர்களின் காலில் முன்னும் பின்னும் அடைபட்ட பிறகும் கடைசிவரை திறந்திருப்பது பெரும்பாலும் பெரோனியல்தான். புறங்காலிலும் உட்கணுவிலும் விரல் வைத்துப் பார்த்துத் துடிப்பே இல்லை என்று எழுதப்பட்ட காலில், டாப்ளர் முனையைக் கணுக்காலின் வெளிமுட்டிக்குச் சற்று மேலே, முன்பக்கமாக நகர்த்தி வைத்தால், அதன் மெல்லிய கிளையிலிருந்து வரும் இரைச்சல் சில வேளைகளில் மங்கலாகக் கேட்கும்.